மலோனே கப்பலிலிருந்து வந்தவன்

அகொஸ்தினோ ஊர் திரும்பிப் பதினோரு நாள் ஆகியும் தெக்லாவின் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முதல் நாள் அசதி என்றான். மறுநாள் செருப்பைத் தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்றான். அப்புறம் அம்மாவுக்கு விறகு வெட்ட வேண்டியிருந்தது, கூரை ஓடு மாற்ற வேண்டியிருந்தது. இங்கிலீஷ்காரன் முகாமில் ஐந்து வருடம் கைதியாகக் கிடந்துவிட்டு வந்தவனுக்கு விறகு வெட்டுவதில் அப்படி என்ன மோகம் என்று அம்மாவே கேட்டுவிட்டாள். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவள் அவனுடைய நல்ல சட்டையை எடுத்துக் கையில் திணித்தாள்.

"அந்தப் பொண்ணு தினம் உன்னை விசாரிக்கிறா. அவ புருஷன்கூடக் கடைசி வரைக்கும் இருந்தவன் நீ. போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா."

இனிச் சொல்ல அவனிடம் ஒரு சாக்கும் பாக்கி இல்லை.

அன்றைக்கு மக்காயா இறங்கியிருந்தது. ஜெனோவாவுக்குக் கிழக்கே உள்ள எங்கள் கரையில் ஐப்பசி வாக்கில் கடலிலிருந்து ஏறிவரும் அந்த ஈரச் சாம்பல் மேகத்துக்கு அதுதான் பெயர். மழையும் பெய்யாது, வெயிலும் அடிக்காது. துணி காயாது, உப்பு இளகும், மனிதர்களுக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வரும். துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் ஆறு மாடி ஒடுக்க வீடுகளின் சுவரில், நிஜ ஜன்னல்களுக்கு நடுவே பொய் ஜன்னல்களையும் தீட்டி வைத்திருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் எது நிஜம், எது வண்ணம் என்று சொல்ல முடியவில்லை.

தெக்லா ஐந்தாவது மாடியில் இருந்தாள். படிகள் கரும்பலகைக் கல். மக்காயா நாளில் அந்தக் கல் வியர்ப்பது வழக்கம்தான். ஆனால் இது வியர்வை இல்லை. ஒவ்வொரு படியிலும் தண்ணீர் குட்டை கட்டி நின்றது. சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினான்.

மூன்றாவது மாடியில் அவனுக்கு அந்த வாடை வந்தது.

பெட்ரோல். கூடவே கருகிய கம்பளி.

அவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். கீழ் வீட்டில் யாரோ அடுப்புப் பற்றவைக்கப் பெட்ரோல் ஊற்றியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சண்டை முடிந்து ஒன்றரை வருடம் ஆகியும் ஊரில் ஒரு குப்பி பெட்ரோலுக்கு வழியில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

தெக்லா கதவைத் திறந்தாள். கறுப்பு உடுத்தியிருக்கவில்லை. நீலப் பூப்போட்ட பழைய கவுன், மேலே ஒரு கம்பளிச் சால்வை. முகம் பாதியாக இளைத்திருந்தது. அவளும் அவள் புருஷன் ரொமோலோவும் இவனும் ஒரே வயது. ஒரே கூழாங்கல் கரையில் உருண்டு வளர்ந்தவர்கள்.

"வந்துட்டியா. இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு," என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "உள்ள வா. அந்த நாற்காலி வேண்டாம். இதுல உக்காரு."

மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. நடுவில் கடலைமாவு அடை, நாலு நெத்திலி, சிக்கரிக் காப்பி. அவளுக்கு இன்று விருந்தாளி வருவது தெரியாது. அப்படியும் தட்டு மூன்று. ஒன்று தனக்காக எப்போதுமே காத்திருந்ததோ என்று நினைத்தான். ஜன்னலுக்கு எதிரே இருந்த நாற்காலியின் கீழே பழைய கோணிப்பை விரித்திருந்தது. அது நனைந்து கறுத்துப் போயிருந்தது.

அவன் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம் ஒன்று உண்டு. 'ரொமோலோ கஷ்டப்படலை, தெக்லா, எல்லாம் ஒரு நொடியில முடிஞ்சிடுச்சு.' முகாமின் கொட்டகையில் படுத்துக்கொண்டு ஐந்து வருடம் சொல்லிப் பார்த்த வாக்கியம். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

கடற்படையிலிருந்து முதலில் ஒரு தாள் வந்ததாம். மலோனே கப்பல் மூழ்கியது, உங்கள் கணவரைக் காணவில்லை என்று. காணவில்லை என்றால் என்ன அர்த்தம், செத்தானா இருக்கிறானா என்று அவள் கேட்காத ஆள் இல்லை. பத்து நாள் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ரொமோலோவின் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. 'நான் சுகம். அகொஸ்தினோவும் சுகம். அவன் குறட்டைதான் தாங்க முடியவில்லை. சீக்கிரம் வருகிறேன்.' அவ்வளவுதான். தேதி போடும் பழக்கம் அவனுக்கு என்றைக்கும் கிடையாது. கடிதம் கப்பல் புறப்படுமுன் எழுதியது. எங்கோ ஒரு தபால் மூட்டையில் கிடந்து தாமதமாக வந்து சேர்ந்தது. சந்தோஷத்தில் இருந்தவளுக்கு அது தோன்றுமா? அவள் அதை முத்தமிட்டுக்கொண்டு தெருவில் ஓடினாள். நேரே படகுகளுக்குப் பெயர் எழுதும் பெயின்டர் வீட்டுக்குப் போய் ஒரு நேர்த்திப் பலகை வரையச் சொன்னாள்.

அகொஸ்தினோ காப்பிக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டான்.

"யாரு ஆணி அடிச்சது?" என்று கேட்டான்.

"நான்தான்."

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. மலைமேல் மாதா கோயிலின் சுவர் முழுக்க அப்படிப்பட்ட பலகைகள்தான். புயல், முறிந்த பாய்மரம், மூலையில் மேகத்துக்குள் மாதா. கடலில் பிழைத்தவன் ஊருக்கு வந்து, நடந்ததை வரையச் சொல்லி, தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டவேண்டும். மனைவி கூடாது, அம்மா கூடாது, பாதிரியாரே ஆனாலும் கூடாது. இந்த விதி வந்ததே அந்தக் கப்பலின் பெயருக்கு உரிய லன்ஃப்ராங்கோ மலோனேயால்தான். அறுநூறு வருடத்துக்கு முன்னால் அவன் இந்த ஊர் ஆட்களைத் துடுப்புக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டு கப்பலோடு ஜிப்ரால்டரைத் தாண்டி, இந்தியாவுக்குப் புது வழி கண்டுபிடிக்கப் போனான். மூன்றாம் வருடம் ஒரு மிளகு வியாபாரி வந்து, ஆப்பிரிக்கக் கரையில் அவர்களைக் கண்டேன் என்று அளந்துவிட்டுப் போனான். மலோனேயின் மனைவி அதை நம்பி, மாதாவுக்கு நன்றி சொல்லிப் பலகையை மாட்டிவிட்டாள். ஆள் வரவே இல்லை. ஆனால் அவள் சாகும்வரை அந்த வீட்டு மாடிப்படி காயவில்லை என்று சொல்வார்கள்.

கொடுக்காத வரத்துக்கு நன்றி சொன்னால் அது பாதியாகத்தான் வந்து சேரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

ரோமில் உட்கார்ந்து கப்பலுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர்களுக்கு மலோனே ஒரு மாவீரன். புதிதாகக் கட்டிய இலகு ரகப் போர்க்கப்பலின் பின்புறத்தில் பித்தளை எழுத்தில் அவன் பெயரைப் பொறித்து, ஷாம்பெயின் உடைத்து, வாத்தியம் முழங்கக் கடலில் இறக்கினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் அன்றைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். ரொமோலோவுக்கு மட்டும் அது சிரிப்பாக இருந்தது. "போற வழி தெரிஞ்சவன் பேரு கெடைச்சிருக்கு. வர்ற வழி தெரிஞ்சவன் பேரு கெடைக்கலை போல," என்று கப்பலில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கப்பல் ஓட்டத்தில் குதிரை. ஆனால் கவசம் பிஸ்கட் டப்பா கனம். வேகத்துக்காக இரும்பைக் குறைத்திருந்தார்கள். நாற்பத்தொன்றாம் வருடம் டிசம்பரில், ஆப்பிரிக்காவில் டாங்கிகளுக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று, அந்தக் கப்பலின் மேல்தளம் முழுக்கப் பெட்ரோல் பீப்பாய்களை அடுக்கி அனுப்பினார்கள். பீரங்கியைத் திருப்பக்கூட இடமில்லை. துனிஸ் கரையோரம் இரண்டு டார்பிடோ. அதற்கப்புறம் கடலே எரிந்தது.

"பலகையில உன்னையும் வரையச் சொன்னேன்," என்றாள் தெக்லா. "கப்பல் எரியுது. ரொமோலோ தண்ணியில. நீ மிதவையில இருந்து குனிஞ்சு அவன் கையப் பிடிச்சிருக்க. வேற யாரு பிடிச்சிருப்பா? நீ இருக்கும்போது அவனுக்கு என்ன ஆயிடும்?"

அகொஸ்தினோ ஜன்னலைப் பார்த்தான். மேகம் கம்பி வரை வந்துவிட்டது.

"அவன் எங்க, தெக்லா?" என்று கேட்டான். கேட்டிருக்கவே வேண்டாம்.

"வருவான். மேகம் ஜன்னலுக்கு வந்தா வந்துடுவான்."

பலகை மாட்டிய ஐந்தாம் நாளே வந்துவிட்டானாம். மக்காயா இறங்குகிற ஒவ்வொரு நாளும் வருவான். அந்த நாற்காலியில் உட்காருவான். சாப்பிட மாட்டான், பேச மாட்டான். முதலில் அவளுக்கும் உடம்பு நடுங்கியது. அப்புறம் பழகிவிட்டது. எந்தக் கோலத்தில் வந்தால் என்ன, வந்தானே. குண்டு விழுந்த நாள்களில் ஊரே மலைக்கு ஓடியபோதும் அவள் இந்த வீட்டைவிட்டு அசையவில்லை. தான் இல்லாத நேரத்தில் அவன் வந்துவிட்டால்?

"ஒண்ணுதான் எனக்குப் புரியலை," என்றாள். இப்போது குரல் இறங்கியிருந்தது. "அவன் என்னைப் பார்க்க மாட்டேங்கிறான். அஞ்சு வருஷமா கதவையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான். என் மேல என்ன கோபம்? நீ கேளு. உன்கிட்ட சொல்லுவான்."

அவன் எழுந்துவிட நினைத்தான்.

கீழே, முதல் மாடியில், ஒரு காலடி.

நனைந்த காலணியின் சத்தம். ஒரு கால் வைத்து, மறு காலை இழுத்து, மறுபடி ஒரு கால். இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. அகொஸ்தினோவின் காதுக்குள் தன் மூச்சே இரைந்தது. பெட்ரோல் வாடை கண்ணைக் கரித்தது. தெக்லா சால்வையைச் சரிசெய்துகொண்டு, நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள். புருஷன் வேலைவிட்டு வரும் நேரத்தில் பெண்கள் செய்வது. அதைப் பார்த்தபோது பயத்தையும் மீறி அவனுக்கு அழுகை வந்தது.

நான்காம் மாடி.

சத்தம் வாசலில் நின்றது.

கதவு திறக்கவில்லை.

நாற்காலியில் ஆள் இருந்தான்.

ரொமோலோதான். இடது பக்கம் முடி இல்லை, காது இல்லை. கம்பளிச் சட்டை உடம்போடு உருகி ஒட்டியிருந்தது. உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக் கோணியில் விழுந்தது. வலது கையை மேசைமேல் நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி, விரல்களை விரித்து வைத்திருந்தான். யாரிடமோ எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் கை.

"எப்பவும் அப்படித்தான் வெச்சிருப்பான்," என்று தெக்லா காதோடு சொன்னாள். "நான் பிடிக்கப் போனா இழுத்துக்குவான்."

ரொமோலோவின் பார்வை கதவில் இல்லை. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அது திரும்பியிருந்தது.

அகொஸ்தினோவைப் பார்த்தது.

"கேளு," என்றாள் தெக்லா. "என்ன கோபம்னு கேளு."

மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போயிருக்கலாம். தெக்லா நம்பியிருப்பாள். இந்த நாற்காலியும் இந்தக் கோணியும் அவள் சாகும்வரை இப்படியே இருந்திருக்கும். ஆனால் அந்தக் கண்களுக்கு முன்னால் அவனுக்குப் பொய் வரவில்லை.

"அவன் செத்துட்டான், தெக்லா," என்றான்.

தெக்லா ரொமோலோவின் முன்னாலிருந்த தட்டை நேராக்கி வைத்தாள்.

"மிதவையில ஆறு பேர் ஏறலாம். நாங்க பதினொரு பேர். இவன் தண்ணியில இருந்தான். நான் கையப் பிடிச்சிருந்தேன். நீ பலகையில வரைஞ்ச மாதிரியேதான் பிடிச்சிருந்தேன். ரொம்ப நேரம். விடியற வரைக்கும்னு வெச்சுக்கோ. கை எரிஞ்சு போயிருந்துச்சு அவனுக்கு, தோல் என் கையோட வந்துச்சு. அப்புறம் மிதவை சாயுதுன்னு சொன்னாங்க. எல்லாரும் கத்துனாங்க."

"அவன் அப்பவே செத்துட்டானா?"

"இல்லை."

மேகம் அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

"உயிரோடதான் இருந்தான். நான்தான் விட்டேன்."

கோணியில் தண்ணீர் சொட்டுவது நின்றுவிட்டது. தெக்லா அடிப்பாள், காறித் துப்புவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அது அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"கடைசியா ஏதாவது சொன்னானா?" என்று கேட்டாள்.

"கூப்பிட்டான்."

"யாரை?"

இங்கேயாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பெயர். அதற்காக யாரும் அவனை நரகத்துக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

"என்னை," என்றான் அகொஸ்தினோ.

அவன் அழுதான். ஐந்து வருடம் அடக்கி வைத்தது உடைத்துக்கொண்டு வந்தது. அழுதபடியே, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், தன் வலது கையை மேசைக்கு மேலே நீட்டி, விரிந்து கிடந்த அந்தக் கையில் வைத்தான். விரல்கள் மூடிக்கொண்டன. கடலடித் தண்ணீரின் குளிர் தோள் வரை ஏறியது. அந்தப் பிடியில் கோபமில்லை. நீந்தத் தெரியாதவன் கரையைப் பிடிக்கும் பிடி அது.

நாற்காலி காலியாக இருந்தது.

கோணி காய்ந்திருந்தது. பெட்ரோல் வாடை இல்லை. ஆனால் பிடி மட்டும் விடவில்லை.

தெக்லா எழுந்து நாற்காலிக்குப் பின்னால் பார்த்தாள். கதவைத் திறந்து படியைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

"அப்போ என்னைப் பார்க்க வரலையா அவன்," என்றாள். "நீ என்னைக்காவது இங்க வருவேன்னு வந்திருக்கான்."

அகொஸ்தினோவால் கையை மேசையிலிருந்து எடுக்க முடியவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

"இந்தக் கையா?"

"ஆமா."

"இருக்கானா?"

"இருக்கான், தெக்லா."

அவள் மேசையைச் சுற்றி வந்து, தரையில் மண்டியிட்டு, அவன் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகத் தடவினாள். விரல்களின் இடுக்கில் தேடினாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சூடா இருக்கு," என்றாள். "உன் கை மட்டும்தான் இருக்கு."

அப்புறம்தான் அவள் அழுதாள். விதவை அழவேண்டிய அழுகை, ஐந்து வருடம் தாமதமாக. இருட்டும்வரை அந்தக் கையை விடவே இல்லை.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. தெக்லா கறுப்பு உடுத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். முதல் ஒன்றிரண்டு வருடம் ஊர் வாய்க்கு நல்ல தீனி கிடைத்தது. அகொஸ்தினோவின் அம்மா, கல்யாணம் செய்துகொண்டு தொலையுங்களேன் என்று சாகும்வரை புலம்பினாள். இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. வடக்குக் காற்று அடித்து, ஒரு மணி நேரத்தில் போர்வையே காய்ந்துவிடும் நாளிலும், அவனுடைய வலது சட்டைக் கையிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

தெக்லா மட்டும் உட்காருவாள். கையைக் கோத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி, வாராவாரம் அதே கேள்வியைக் கேட்பாள்.

"இருக்கானா?"

"இருக்கான்."

போகும்போது தன் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பாள். அதில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது.